முப்பதடி தூரத்தில் வேறு தண்ணீர்

வல்லத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். இரண்டிலும் பால் சேர்க்காத டீ. ஒரே அடுப்பு, ஒரே டப்பாவில் எடுத்த தூள், கொதித்த நேரமும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும் வேறு. ஒன்று அக்கா வீட்டுப் போரில் பிடித்தது, மற்றது பக்கத்து வீட்டுப் போரிலிருந்து ஒரு குடம் வாங்கி வந்தது. இரண்டு போருக்கும் இடையில் முப்பதடி இருந்தால் அதிகம். நடுவில் ஒரு முருங்கை மரமும் ஒரு வேலியும்.

ஐந்து நிமிடம் போனது. அக்கா வீட்டுத் தண்ணீரில் போட்ட டீயின் மேல் மங்கலாக ஓர் ஏடு படர்ந்தது. கரண்டியால் தொட்டதும் துண்டு துண்டாக உடைந்து தம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மற்றது அப்படியே செந்நிறமாக, அடி தெரியத் தெளிந்து நின்றது.

"பாத்தீங்களா மாமா" என்றான் மருமகன். "நான் முந்நூத்தி இருபது அடி போட்டேன். அவங்க இருநூத்தி எண்பதுதான். அவங்க தண்ணி இனிக்குது. எங்களுது வாயில வைக்க முடியல, பருப்பும் வேகல. இன்னும் ஒரு நூறு அடி எறக்கிட்டா சரியாயிடும்ல?"

கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பல வருடம் திரிந்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை திண்ணைகளில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. இறக்கிவிட்டால் சரியாகும் என்று சொல்லி எழுந்து போவது எளிது. ஆனால் அந்த நூறு அடிக்கு அவன் கடன் வாங்கப் போகிறான். அதனால் தெளிந்த டீயை அவனிடம் தள்ளிவிட்டு, ஏடு படர்ந்ததை நான் எடுத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

வல்லத்து மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ரிக் வண்டி வேண்டியதில்லை. செஞ்சிக்கு பஸ் ஏறினால் போதும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் பார்க்கிறவர்களுக்கு, யாரோ பாறாங்கல்லை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியது போலத்தான் தோன்றும். உண்மையில் அந்த உருண்டைக் கற்கள் எங்கிருந்தும் வந்தவை அல்ல, அங்கேயே மிஞ்சியவை. ஒரு காலத்தில் அது ஒரே பாறை. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல். பூமிக்குள் ஆழத்தில் இறுகிக் கிடந்தது, மேலே இருந்த பாரம் அரித்துப் போகப் போக விரிந்து கொடுத்தது. அப்போது நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்தது. வெடிப்பில் மழைநீர் இறங்கியது. நீர் பட்ட விளிம்பு முதலில் உளுத்தது, இரண்டு பக்கமிருந்தும் நீர் தாக்கிய மூலைகள் இன்னும் சீக்கிரம் உளுத்தன. சதுரமாக இருந்த பாறைத் துண்டுகள் மூலை கரைந்து உருண்டையாகின. உளுத்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது, உருண்டைகள் நின்றுவிட்டன.

வல்லத்தில் அந்த உளுத்த மண் அடித்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மேலே மேல்மண், அதற்குக் கீழே முறம்பு, அப்புறம் கையால் நொறுக்கினால் நொறுங்கும் பொடிப்பாறை. ரிக் வண்டிக்காரர் அதுவரைக்கும் கேசிங் பைப் இறக்குவார். அதற்குக் கீழே கரும்பாறை, அதில் பைப் கிடையாது, வெறும் துளைதான். கோட்டைக்குப் படியேறும்போது பக்கத்துப் பாறையில் ஒரு வெடிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே இன்னொன்றைக் குறுக்கே வெட்டுகிறது, எங்கே ஒன்றுமில்லாமல் மொழுக்கென்று கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், அதுதான் நம் வீட்டுக் கொல்லைக்கு அடியில் இருக்கும் படம். தமிழ்நாட்டு நிலப்பரப்பில் முக்கால் பங்கு, கிட்டத்தட்ட 73 சதவீதம், இப்படிப்பட்ட கடினப்பாறைதான்.

கருங்கல் தண்ணீர் குடிக்காது. அம்மிக்கல்லை இரவெல்லாம் தொட்டியில் போட்டு எடுத்தாலும் அதன் எடை ஏறினதாகத் தெரியாது. பாறைக்குள் தண்ணீர் ஓடுவது வெடிப்பில் மட்டும். ரிக் ஓட்டுகிறவர்கள் அதை 'கேப்' என்பார்கள். தூளாகப் பறந்துகொண்டிருந்தது திடீரென்று சேறாகப் பீறிட்டால், "கேப் விழுந்திருச்சு" என்று கத்துவார்கள். நம் பெரியவர்கள் ஊற்றுக்கண் என்றார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். கண் ஒரு இடத்தில்தான் இருக்கும், உடம்பெல்லாம் இருக்காது.

"உன் போரையும் அவங்க போரையும் மேலேருந்து பாக்காத. பக்கவாட்டுல வெட்டிப் பாத்த மாதிரி நெனச்சுக்க" என்றேன். "ரெண்டு துளையும் பாறைக்குள்ள எறங்குது. உன் துளை ஒரு வெடிப்ப அறுத்துக்கிட்டுப் போகுது. அவங்க துளை வேற ஒரு வெடிப்ப அறுக்குது. அந்த ரெண்டு வெடிப்பும் ஒண்ண ஒண்ணு தொடலன்னா, முப்பதடியும் ஒண்ணுதான், மூணு கிலோமீட்டரும் ஒண்ணுதான்."

சரி, வெடிப்பு வேறு. தண்ணீரின் குணம் ஏன் வேறாக வேண்டும்? மழைநீரில் உப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அது மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சில் கரியமில வாயு நிறைந்திருக்கிறது. வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு, சில இடத்தில் நூறு மடங்கு. அதைக் கரைத்துக்கொண்ட மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. சோடாவில் நாக்கைச் சுரண்டுகிறதே, அதே அமிலம்தான், அளவு குறைவு. கருங்கல்லில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரியும் பகுதியை இந்த அமிலம் மெதுவாகக் கரைக்கிறது. கால்சியமும் சோடியமும் தண்ணீரோடு போகின்றன, பின்னால் களிமண் மிஞ்சுகிறது. பைகார்பனேட்டும் தண்ணீரோடு சேர்கிறது. ஒரு வெடிப்பில் தண்ணீர் எவ்வளவு நாள் தங்கியது, எந்தக் கல்லை உரசியது, மேலிருந்து என்னத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது, இந்த மூன்றும்தான் நம் தம்ளருக்கு வருகிறது.

டீயில் படர்ந்த ஏடும் அதுதான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருவர் இதைப் பொறுமையாக ஆராய்ந்து 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து இருந்தால், டீயின் துவர்ப்புப் பொருள் மேற்பரப்பில் காற்றோடு சேர்ந்து ஏடாகிறது. மெனக்கெட்டு ஆராய வேண்டிய விஷயமா என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா வீட்டுத் திண்ணையில் பரிசோதனைச் சாலை இல்லாமல் தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

"அப்ப அவங்க தண்ணிதான் நல்ல தண்ணி" என்றான்.

இந்த இடத்தில்தான் நான் தம்ளரைக் கீழே வைத்தேன். சவர்ப்பாக இருப்பது கெட்டது, இனிப்பது நல்லது என்று நாக்கு சொல்கிறது. பாறைத் தண்ணீரில் நாக்கு சொல்வதை நம்பி ஒரு தலைமுறையே பல்லையும் எலும்பையும் பறிகொடுத்த ஊர்கள் உண்டு.

கருங்கல்லை உடைத்தால் மினுமினுவென்று காக்காப்பொன் தெரியும். அந்த மினுமினுப்பிலும் கூட இருக்கும் வேறு சில கனிமங்களிலும் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் அதையும் கரைக்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருக்கிறவரை ஃபுளோரைடு அளவு மீற முடியாது, கால்சியம் அதைப் பிடித்துப் படிய வைத்துவிடும். ஆனால் கால்சியம் எப்போதும் தங்குவதில்லை. சில இடத்தில் மண்ணுக்குள்ளேயே சுக்கான் கல்லாகப் படிந்துவிடுகிறது. சில இடத்தில் வெடிப்புக்குள் இருக்கும் களிமண் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அப்போது தண்ணீர் மென்மையாகிறது. சோப்பு நுரைக்கிறது, பருப்பு வேகிறது, டீ தெளிகிறது, குடித்தால் இனிக்கிறது. பிடித்து வைக்க ஆளில்லாத ஃபுளோரைடு அதில் ஏறிக்கொண்டே போகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது நம் பழைய சென்னை மாகாணத்தில், நெல்லூர் மாவட்டத்தில். 1937-ல் மருத்துவர்கள் அதை எழுதி வைத்தார்கள். பல்லில் பழுப்புக் கோடு, பிறகு மூட்டு இறுக்கம், முதுகு வளையாமை. இப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே போர் தண்ணீரை நம்ப முடியாமல்தான் காவிரியை ஒகேனக்கலிலிருந்து குழாயில் கொண்டு போனார்கள், 2013-ல் திட்டம் திறக்கப்பட்டது. குடிநீரில் ஃபுளோரைடுக்கு இந்தியத் தரநிர்ணயம் கொடுக்கும் கடைசி எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒன்றரை கிராம். ஒரு சிட்டிகை.

பக்கத்து வீட்டுத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இனிக்கிறது என்பதற்காக இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறேன். மருமகன் குடித்துக்கொண்டிருந்த தம்ளரைப் பார்த்தான். "குடி, ஒரு டீயில ஒண்ணும் ஆகாது. பத்து வருஷம் குடிக்கறதுதான் கணக்கு" என்றேன்.

இதுவரை சொன்னது பாறை தானாகக் கொடுப்பது. இனி நாம் கொடுப்பது.

கொல்லைப்பக்கம் போனோம். போருக்கு நாற்பதடி தள்ளிக் கழிவறைத் தொட்டி. அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. "கட்டிப் பதினெட்டு வருஷம் ஆச்சு, ஒரு தடவகூட லாரி கூப்டதில்ல. நெரம்பவே இல்ல." இந்தப் பெருமையை நான் நிறைய வீடுகளில் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். நாலைந்து பேர் பதினெட்டு வருடம் புழங்கிய தொட்டி நிரம்பவில்லை என்றால் அடியில் பூசவில்லை என்று பொருள். நிரம்பாத தொட்டியின் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

ஆழமான மண் உள்ள ஊரில் இது இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. மண் நல்ல வடிகட்டி. கிருமி மண் இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் மெல்ல நகரும், போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். கிணற்றிலிருந்து கழிவறையை ஐம்பதடி தள்ளிக் கட்டு என்று கொத்தனார் சொல்வது மண்ணை நம்பிச் சொல்லும் கணக்கு. பாறை வெடிப்பில் அந்தக் கணக்கு செல்லாது.

ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு வெடிப்பு எவ்வளவு தண்ணீர் கடத்தும் என்பது அதன் அகலத்தின் கன அளவைப் பொறுத்தது. அகலம் இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. ஒரு மில்லிமீட்டர் அகல வெடிப்பு ஒன்று கடத்தும் தண்ணீரைக் கடத்த, அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள மயிரிழை வெடிப்புகள் ஆயிரம் வேண்டும். ஆகவே பாறைக்குள் நூறு வெடிப்பு இருந்தாலும் முக்கால்வாசித் தண்ணீர் ஒன்றிரண்டில்தான் போகும். ஒரு போர் பொங்கி வழிவதும் பக்கத்துப் போர் புழுதி கக்குவதும் இதனால்தான்.

வேகமும் அப்படியே. மணலில் கால் பங்குக்கு மேல் இடைவெளி, தண்ணீர் பரவி மெல்லப் போகலாம். பாறையில் வெடிப்பு எல்லாவற்றையும் கூட்டினாலும் நூற்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அதே அளவு தண்ணீர் அவ்வளவு குறுகிய வழியில் போக வேண்டுமென்றால் ஓடித்தான் ஆக வேண்டும். மணலில் ஒரு நாளைக்குச் சாண் கணக்கில் நகரும் நீர், நல்ல வெடிப்பு ஒன்று கிடைத்தால் மீட்டர் கணக்கில், சில சமயம் நூறு மீட்டருக்கும் மேல் ஓடிவிடும். வடிகட்ட மண் இல்லை, சாகக் கிருமிக்கு நேரமும் இல்லை. அது பள்ளம் பார்த்துத்தான் ஓட வேண்டும் என்பதும் கிடையாது. நாம் மோட்டார் போட்டு இழுக்கும்போது வெடிப்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து வரும், மேட்டுப்பக்கமே ஆனாலும்.

கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். ஐயாயிரம் பேர் இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் நாலைந்து நாள் அடைமழை. ஊர்க் குடிநீர்க் கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு 15 மீட்டர் ஆழம்தான், மண் போர்வை மெல்லியது, கீழே வெடித்த பாறை. பக்கத்துப் பண்ணையில் போட்ட மாட்டெருவிலிருந்த ஈ.கோலை கிருமி மழையோடு இறங்கிக் குழாயில் வந்தது. ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோய்ப்பட்டார்கள். குளோரின் கலப்பதிலும் அளப்பதிலும் நடந்த அலட்சியம் பெரிய காரணம். ஆனால் எருப் போட்ட விவசாயி மேல் தப்பில்லை, முறையாகத்தான் போட்டார் என்று விசாரணை ஆணையம் சொன்னது. இதை மருமகனிடம் அழுத்திச் சொன்னேன். முறையாக நடந்துகொண்டவரின் எருவே அங்கே எமனாயிற்று, கீழே பாறை அப்படி.

கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். கழிவறைத் தொட்டியிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் யூரியாவிலிருந்தும் வரும் நைட்ரேட்டை என்ன செய்வது? அது எந்தக் கல்லிலும் ஒட்டாது, தண்ணீர் போகிற வேகத்திலேயே போகும். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே இருக்கும், செறிவு கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது தரநிர்ணயம், இதில் தளர்வே கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலந்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். இன்னொன்று, கழிவு மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறும்போது கூடவே அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் சுக்கானைக் கரைத்துக் கால்சியத்தைக் கூட்டுகிறது. மருமகன் போரில் வரும் சவர்ப்பும் கடினத்தன்மையும் முழுக்கக் கல் கொடுத்ததா, கொல்லைத் தொட்டியும் சேர்த்துக் கொடுத்ததா என்று நான் சந்தேகப்பட்டது இதனால்தான்.

அவனுக்கு இன்னும் ஆழம் விடவில்லை. "முந்நூத்தி இருபது அடிக்கு எப்படி மாமா எறங்கும்?"

இறங்க வேண்டியதில்லை, நாமே வழி போட்டுக் கொடுத்திருக்கிறோம். அவன் போரின் கேசிங் நாற்பதடி. பைப்புக்கும் துளைக்கும் இடையிலான சந்தில் சிமென்ட் விட்டார்களா என்று கேட்டேன். "கொஞ்சம் மண்ணைப் போட்டு மிதிச்சாங்க" என்றான். மேல் வெடிப்பில் வரும் அழுக்கு அந்தச் சந்து வழியாகவோ, கேசிங்குக்குக் கீழே வெறும் பாறையில் திறந்திருக்கும் முதல் வெடிப்பு வழியாகவோ துளைக்குள் கொட்டும். துளை நேராக முந்நூறு அடிக்கு இறங்கும் குழாய். இயற்கை தொடாமல் வைத்திருந்த அடி வெடிப்புக்கும் அழுக்கு போய்விடும். இன்னும் நூறு அடி இறக்கினால் அந்தக் குழாய்தான் நீளும்.

தெருமுனையில் இருக்கும் பழைய கிணற்றைப் பார்க்கக் கூட்டிப் போனேன். என் சின்ன வயதில் தெருவே அதில்தான் குடித்தது. வற்றியபோது அடியில் நாலு பக்கமும் சைடு போர் போட்டார்கள். பிறகு ஊரெல்லாம் போர் வந்தது, கிணறு காய்ந்தது. இப்போது எட்டிப் பார்த்தால் குப்பை. கோழி இறகு, குழந்தைகளின் டயப்பர், மருந்துப் பாட்டில், பூச்சிமருந்து டப்பா. முப்பது வருடத்துக்கு முன்னால் வெடிப்புகளைத் தேடித் தண்ணீரை உள்ளே இழுக்கப் போட்ட அந்த நாலு சைடு போரும் இன்று மழைக்காலத்தில் குப்பைச் சாற்றை நாலு பக்கத்து வெடிப்புக்கும் அனுப்புகின்றன. எந்த ஊரில் எந்தக் கிணற்றை இப்படிப் பார்த்தாலும் என்னால் பேசாமல் வர முடிவதில்லை. குடித்த கிணறு அது.

கூரை மழைநீரைப் போருக்குள் விடுவது நல்லதுதானே என்று கேட்டான். மொட்டை மாடியைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டு, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக விட்டால் நல்லது. தெருவில் ஓடும் தண்ணீரை நேராக விடவே கூடாது.

வீட்டளவில் நடப்பது ஒரு தொழிற்சாலை அளவில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு வழியாக வடக்கே போனால் ராணிப்பேட்டை. அங்கேயும் கீழே இதே குலத்துப் பாறை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970-களின் நடுவிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய ரசாயனங்களைச் செய்தது. 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்தவெளியில் மேடாகக் கிடந்தது. மழை பெய்தபோதெல்லாம் மேட்டிலிருந்து மஞ்சளாகச் சாறு இறங்கியது. 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டை அதில் இருந்தது.

குரோமியத்தில் இரண்டு உருவம் உண்டு, இரண்டும் இரண்டு குணம். மூன்று இணைதிறன் உள்ளது சாதாரண நிலத்தடி நீரில் சீக்கிரம் படிந்துவிடும், நகராது. ஆறு இணைதிறன் உள்ளது கரைந்தே இருக்கும், பாறையிலும் களிமண்ணிலும் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் தரக்கூடியது. மஞ்சள் நிறம் அதனுடையது. ராணிப்பேட்டை மேட்டில் கிடந்தது அதுதான். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷெட்டுகள் விட்ட கழிவில் வேறு கதை. குரோமியம் பெரும்பாலும் சேற்றோடு தங்கியது, தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பு ஊர் ஊராகக் கிணறுகளுக்குப் போனது. உப்பிலுள்ள குளோரைடை எந்தக் கல்லும் பிடித்து நிறுத்தாது.

இந்தத் தோல் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியானது. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கெடுப்பு வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கம் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. எனக்கு மீதி 117 கிணறுகள் மேல்தான் மனம் போகும். கழிவு ஓடும் பாதையிலிருந்து விலகியிருந்தது ஒரு காரணமாக இருக்கும். வெடிப்பு வேறாக இருந்தது இன்னொரு காரணமாக இருக்கும். தன் கிணறு கெட்டவன் பக்கத்து நல்ல கிணற்றைக் காட்டிப் புகார் சொல்லும்போது, "அவர் கிணறு நல்லாத்தானே இருக்கு, உன் கிணற்றில்தான் ஏதோ கோளாறு" என்று பதில் சொல்லி அனுப்புவது மிகச் சுலபம். மணல் பூமியில் அந்தப் பதிலுக்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. பாறை பூமியில் அது அநியாயம்.

"ஃபேக்டரிய மூடி முப்பது வருஷம் ஆகப்போகுதே மாமா, மழை கழுவியிருக்காதா?"

அக்காவின் சமையலறையில் ஒரு பழைய உப்புப் பானை உண்டு. மண்பானை. அதைக் காலி செய்து பத்து முறை கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி ராத்திரி வைத்தால் காலையில் உப்புக் கரிக்கும். வெயிலில் வைத்தால் வெளிப்புறத்தில் உப்புப் பூக்கும். உப்பு பானைக்குள் இல்லை, பானையின் உடம்புக்குள் போய்விட்டது. வெடிப்பின் இரண்டு ஓரத்திலும் உளுத்த பாறையும் களிமண்ணும் அந்தப் பானை மாதிரிதான். அழுக்குத் தண்ணீர் வருடக்கணக்கில் வெடிப்பில் ஓடும்போது அழுக்கு ஓரங்களுக்குள் மெல்ல ஊறிப் போகிறது. மேலே வரத்து நின்று வெடிப்பில் நல்ல தண்ணீர் ஓடத் தொடங்கியதும், ஊறிப் போனது அதே மெதுவோடு திரும்பி வருகிறது. வந்தபோது வெடிப்பில் ஓடி வந்தது, போகும்போது கல்லுக்குள்ளிருந்து கசிந்து போக வேண்டும். வருடக்கணக்கில் ஏறியது இறங்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கழிவு மேட்டை அள்ளி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பானையைத்தான் நான் காட்டுவேன். 1996-ல் தீர்ப்பு வந்த வேலூர்த் தோல் கழிவைப் பற்றி 2025 சனவரியிலும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா இன்னொரு டீ போட்டாள், இம்முறை கேன் தண்ணீரில். நூறு அடி இறக்கும் பணத்தை வைத்து என்ன செய்யலாம் என்று மூவரும் பேசினோம். முதலில் கழிவறைத் தொட்டியைக் காலி செய்து அடியும் பக்கமும் பூச வேண்டும். போரைச் சுற்றித் தோண்டி, கேசிங்குக்கு வெளிச் சந்தில் சிமென்ட் கலவை இறக்கி, மேலே சரிவான மேடை கட்ட வேண்டும். கிணற்றுக் குப்பையைப் பற்றிக் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு போர்த் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வடிகட்டி விற்க வருகிறவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் நைட்ரேட் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

காலையில் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டோம், குழாயில் தேங்கியது போகட்டும் என்று. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடினோம். பக்கத்து வீட்டிலும் விஷயத்தைச் சொல்லி ஒரு பாட்டில் பிடித்தோம். அவர்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. அந்த அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தெளிவாத்தாங்க இருக்குது" என்றார். ஆமாம், தெளிவாகத்தான் இருந்தது.

மருமகன் சீட்டில் எழுதி ஒட்டினான். பெயர், தேதி, போர் ஆழம் 320, கேசிங் 40, கழிவறைத் தொட்டி தூரம் 40. "கேப் எத்தன அடியில விழுந்ததுன்னும் எழுது" என்றேன். அது அவனுக்கு ஞாபகம் இல்லை. ரிக் வண்டிக்காரருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் யாரோ பழைய நோட்டைப் புரட்டுவது கேட்டது. மருமகன் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.